மறு: 'ஈடுசெய்த', 'ஈடுசெய்யாத' கல்லீரல் சுருக்கம்: தாங்குநிலை, தளர்நிலை எனலாமா?

அன்புடையீர், வணக்கம். கல்லீரல் சுருக்கத்தின் (cirrhosis) இரு நிலைகளுக்கு 'ஈடுசெய்த' (compensated), 'ஈடுசெய்யாத' (decompensated) என்ற சொற்கள் நம் குழுவில் வந்திருந்தன. அவற்றுக்கு மாற்றுச் சொற்களை முன்வைக்கிறேன்.

மருந்துக் கையேட்டு வரைவில், ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைகளுக்கு நேரே 'கல்லீரல் நோய் உள்ளவர்கள் தவிர்க்கவும்' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறோம். இது ஆபத்தான வரி. பாபநாசத்தில் என் மருந்துக்கடைக்கு வரும் பெரியவர் ஒருவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ஸ்கேனில் 'ஈரலில் கொழுப்பு' என்று வந்ததும் அடோர்வாஸ்டாடின் என்ற ஸ்டாடினைத் தாமாகவே நிறுத்திவிட்டார். நான்கு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று மாலையே அவரை மருத்துவரிடம் அனுப்பினேன். ஈரலில் கொழுப்பு படிந்திருப்பது மட்டுமே இம்மாத்திரையை நிறுத்தக் காரணம் ஆகாது. இதைச் சாப்பிடும் சிலருக்கு ரத்தத்தில் ஈரல் நொதி (enzyme) அளவு சற்று ஏறும். பெரும்பாலும் தானே இறங்கிவிடும். அடிக்கடி நொதிச் சோதனை வேண்டும் என்ற அறிவுரையை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2012இலேயே நீக்கிவிட்டது.

உண்மையான எச்சரிக்கை வேறிடத்தில் இருக்கிறது. ஈரல் சுருங்கிய பிறகும் பலருக்கு அது ஓரளவு தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அவர்களுக்கு மருத்துவர் பார்த்து ஸ்டாடின் கொடுக்கலாம். வயிற்றில் நீர் கோத்து, மஞ்சள் காமாலை ஏறி, நினைவு தடுமாறும் நிலை வேறு. அப்போது குடலிலிருந்து வரும் ரத்தத்தில் ஒரு பகுதி ஈரலுக்குள் புகாமல் பக்கவழியில் போய்விடுகிறது. முக்கொம்பில் காவிரியின் மிகைநீர் கொள்ளிடத்தில் திரும்புவதைப்போல. ஈரல் பிடித்துவைக்க வேண்டிய மருந்து உடலெங்கும் பரவித் தசையைச் சிதைக்கலாம், சிறுநீரகமும் கெடலாம். இந்நிலையில் இருந்தவர்களுக்குச் சிம்வாஸ்டாடின் என்ற ஸ்டாடினை 40 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வில் கடும் தசைச் சிதைவு காணப்பட்டது.

இவ்விரு நிலைகளுக்கும் சொல் வேண்டும். குழுவில் வந்த 'ஈடுசெய்த', 'ஈடுசெய்யாத' என்பவை சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் எங்கள் ஊரில் ஈடு என்றால் நகை ஈடும் வெள்ள நஷ்டஈடும்தான். ஐப்பசி வெள்ளத்தில் அரசலாற்றங்கரையில் நின்று 'கரை தாங்குமா?' என்றுதான் கேட்போம். அதிலிருந்தே, ஈரல் இன்னும் வேலை செய்யும் முதல் நிலைக்குத் 'தாங்குநிலை' என்று எடுத்தேன்.

எதிர்ச்சொல்லாக முதலில் 'தாங்காநிலை' என்று எழுதி, உடனே அடித்துவிட்டேன். 'இனித் தாங்காது' என்பது ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவினர்கள் அழுதுகொண்டு சொல்லும் சொல். நோயாளி படிக்கும் தாளில் அது வரவே கூடாது. 'தளர்நிலை' போதும். தளர்ந்தது சிகிச்சையால் தேறவும் கூடும். குடியை நிறுத்தியதும் தேறியவர்கள் உண்டு. இரண்டும் வினைத்தொகை, மோனையும் அமைகிறது. செவிலியர் ஒருமுறை சொன்னால் மனத்தில் நிற்கும்.

வரைவில் இப்படி மாற்றலாம்: 'தளர்நிலைக் கல்லீரல் சுருக்கமோ திடீர்க் கல்லீரல் செயலிழப்போ உள்ளவர்கள் ஸ்டாடினைத் தவிர்க்கவும். ஈரலில் கொழுப்பு உள்ளவர்களும் தாங்குநிலைச் சுருக்கம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். காரணமின்றித் தசை வலித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லவும்.'

குழுவிலுள்ள மருத்துவர்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால், அச்சுக்குப் போகுமுன் திருத்திவிடலாம்.