ஃபார்ச்சூனர் அலாய் வீல் எண்டெவரில் பொருந்துமா?

கேள்வி: என் ஃபோர்டு எண்டெவரின் ஒரு வீல் பள்ளத்தில் விழுந்து விரிசல் விட்டுவிட்டது. ஃபோர்டு இந்தியாவை விட்டுப் போன பிறகு புதிதாகக் கிடைப்பது பெரும்பாடு. நண்பர் டொயோட்டா ஃபார்ச்சூனரின் 18 இன்ச் செட்டைத் தருகிறார், இரண்டிலும் 6 நட்டுதான். அப்படியே மாட்டலாமா?

பதில்: பிசிடி, அதாவது நட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், இரண்டுக்கும் 139.7 மிமீ, டயரும் 265/60 ஆர்18, அதுவரை சரி. ஆனால் நடு ஓட்டை ஃபார்ச்சூனர் வீலில் 106.1 மிமீ, எண்டெவர் ஹப் (வண்டியில் வீல் மாட்டும் நடுப்பகுதி) 93.1, அதனால் அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் என்ற வளையம் போடாமல் ஓட்டினால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கலாம். எண்டெவர் வீலை ஃபார்ச்சூனரில் மாட்டவே முடியாது, ஹப் உள்ளே நுழையாது.

பதில்: ஆஃப்செட்டை மறந்துவிட்டீர்களே அண்ணே, அதாவது வீலின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம். எண்டெவருக்கு 55 மிமீ, ஃபார்ச்சூனருக்கு அதைவிட நன்றாகக் குறைவு, ஆகவே வீல் வெளியே தள்ளி நிற்கும், சேறு கதவெல்லாம் தெறிக்கும், பேரிங்குக்கும் சுமை கூடும். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து ஃபெண்டரில் உரசுகிறதா பாருங்கள்.

கேட்டவர்: நட்டு பழையதே போதுமா?

பதில்: வீல் துளையின் உட்காரும் இடம் கூம்பா தட்டையா என்று பார்த்து, அதற்கேற்ற நட்டை வாங்குங்கள், இதில் மட்டும் சமாளிக்காதீர்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு வீலைப் பழைய சாமான் கடையில் தேடுவதே மேல்.