ஃபோர்டு எஃப்-150 பிக்கப், 5.0 லிட்டர் எஞ்சின்: 85 மிமீ த்ராட்டில் பாடி போடலாமா?

கேள்வி: கம்பெனியில வந்த த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள்ள போற காற்றைக் கட்டுப்படுத்தற வால்வு) 80 மிமீ. எஞ்சின்ல வேற எந்த மாற்றமும் இல்ல. பவர் ஏறுமா?

பதில் 1: காற்று போற வாயோட பரப்பு 13% கூடும், ஆனா பவர் அதே அளவு ஏறாது. முதல்ல பெடலை முழுசா மிதிச்சு 6000 ஆர்பிஎம்-ல மேனிஃபோல்ட் (த்ராட்டில் பாடிக்கு அடுத்து காற்றை சிலிண்டர்களுக்குப் பிரிச்சு அனுப்பற குழாய்) அழுத்தத்தை ஸ்கேனர்ல பாருங்க. வெளிக்காற்று அழுத்தத்துக்கு 1–2 கிலோபாஸ்கல் கிட்ட இருந்தா பழசு தடையே இல்ல, காசு மிச்சம். சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளற பம்ப்) வச்சா கதை வேற. மேனிஃபோல்ட் வாய் 80-லயே நின்னா அந்த விளிம்புல காற்று முட்டும், 85 வீண்.

பதில் 2: பெடல் சுறுசுறுப்பானா பவர்னு நம்பாதீங்க, அதே மிதிக்கு அதிக காற்று போகுது, அவ்வளவுதான்.

போடறதா இருந்தா பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க, புது கேஸ்கெட் (இணைப்புல காற்று கசியாம தடுக்கற வளையம்) வைங்க, நாலு போல்ட்டையும் குறுக்கா, சமமா முறுக்குங்க. அதிகமா முறுக்கினா பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் த்ரெட் போயிடும். பட்டர்ஃபிளையை (உள்ளே திறந்து மூடற தகட்டை) விரலால தள்ளக் கூடாது, உள்ளே மோட்டார் கியர் இருக்கு.

பதில் 3: மாத்தின அப்புறம் ஸ்கேனர்ல பி0507-ங்கற பிழைக் குறியீடு வந்தா ஐடில் (பெடல் மிதிக்காம எஞ்சின் ஓடற வேகம்) அதிகம்னு அர்த்தம். கேஸ்கெட் லீக் பாருங்க. லீக் இல்லன்னா ஈசியூ (எஞ்சின் கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர்) இன்னும் 80 மிமீ கணக்குலயே ஓடுது, ட்யூன்ல (அதோட மென்பொருள் அமைப்புல) மாத்தணும்.