வெறும் வயிற்றில் காய், பழம்: உங்களுக்கு என்ன ஆனது?

மழைக்காதலன்:
காலையில் காய்கறிச் சாறு குடிப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். அப்பா நடைப்பயிற்சி முடிந்து வந்ததும் சுரைக்காய் ஜூஸ் குடிப்பார். பச்சையாக அரைத்து வடிகட்டியது, வேறு எதுவும் சேர்ப்பதில்லை. அன்றைக்கு முதல் வாயிலேயே முகம் சுளித்தது. "ரொம்பக் கசக்குதுடா" என்றார். ஆனாலும் கசப்பு உடம்புக்கு நல்லது என்று ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்துவிட்டார். அரை மணி நேரத்துக்குள் வயிற்றுவலி, வாந்தி, பேதி. கடைசியாக வாந்தியில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் சுரைக்காய் ஜூஸ் என்று சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "கசந்ததா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தை இன்னும் காதிலேயே நிற்கிறது. பி.பி. அதற்குள் இறங்கிவிட்டது. ஐ.சி.யூ.வில் டிரிப்ஸ் ஏற்றித்தான் மீட்டார்கள்.

சில சுரைக்காய்களில் குக்கர்பிடாசின் என்ற நச்சு அதிகமாக ஏறிவிடுகிறது. மாற்று மருந்து கிடையாது. இதற்காகவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிபுணர் குழு அமைத்து, அறிக்கை 2012-ல் வெளியானது. கசக்கும் ஜூஸைக் குடிக்கவே கூடாது, வேறு சாறோடு கலக்கவும் கூடாது என்கிறது. கலந்தால் கசப்பு தெரியாமல் போய்விடுமே.

இரவுப்பணி:
படிக்கவே பயமாக இருக்கிறது. அப்பா இப்போது நலமா? என் கதை தக்காளி. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, சமைக்கத் தெம்பில்லாமல் தக்காளியை உப்பு தொட்டுத் தின்றுவிட்டு அப்படியே படுத்துவிட்டேன். தூக்கத்தில் தொண்டை வரை புளிப்பாக ஏதோ ஏறி, மூச்சடைத்து எழுந்து உட்கார்ந்தேன். மூக்குக்குள்கூட எரிந்தது. அதற்கப்புறம் வெறும் வயிற்றில் தக்காளியைத் தொடுவதே இல்லை. வாழைப்பழமும் ஆகாது என்கிறார்களே, யாருக்காவது அனுபவம் உண்டா?

கணக்குவாத்தியார்:
இரவுப்பணி, பழியைத் தக்காளி மேல் மட்டும் போடாதீர்கள். தின்ற கையோடு படுத்ததுதான் பெரிய காரணம். வயிற்றில் சுரக்கும் அமிலத்தின் பி.எச். 1.5 முதல் 3.5 வரை. தக்காளிக்கு 4-க்கு மேல். எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள். வயிற்றில் ஏற்கெனவே இருப்பதைவிட வீரியம் குறைந்த ஒன்று வயிற்றை எப்படி அரிக்கும்? நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குத் தக்காளி, ஆரஞ்சு ஒத்துக்கொள்ளாது என்பது உண்மை. உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்தில் உள்ள தசை சரியாக இறுகாமல், உள்ளே இருப்பது மேலே ஏறுவதால் வருவது அது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் படுக்காதீர்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள், தலையணையை மட்டும் அடுக்கினால் போதாது. இடதுபக்கம் சாய்ந்து படுங்கள். இடுப்பை இறுக்கும் உடை வேண்டாம். அடிக்கடி வந்தால் மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடாமல் டாக்டரைப் பாருங்கள்.

வாழைப்பழத்துக்கு வருகிறேன். காலையில் நான் முதலில் சாப்பிடுவதே அதுதான். வெறும் வயிற்றில் தின்றால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடும் என்று ஒரு பார்வர்டு சுற்றியதே, அதைப் படித்துவிட்டு அம்மா நான் பாதி உரித்த பழத்தைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். கை நடுங்க நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது. நடுத்தர அளவுப் பழத்தில் பொட்டாசியம் சுமார் 400 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுநீரகம் பழுதானவர்கள் அளவு பார்க்கத்தான் வேண்டும், அது வயிறு காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் ஒன்றுதான். இந்த வெறும் வயிற்றுப் பேச்சே முக்கால்வாசி வீண் பயம்.

வெள்ளைச்சீருடை:
கணக்குவாத்தியார் ஐயா, அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். பீகாரில் முசாபர்பூர் பக்கம் நர்ஸாக வேலை பார்த்தேன். லிச்சி காலம். விடியற்காலையில் வலிப்போடு ஒரு சிறுமியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் மீட்டரில் எண்ணே வரவில்லை, "லோ" என்று மட்டும் காட்டியது. குளுக்கோஸ் ஏற ஏற, இறுகிக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. மாலை முழுக்கத் தோப்பில் லிச்சி தின்றாளாம், ராத்திரி சாப்பிடாமலே தூங்கிவிட்டாளாம்.

2014-ல் அங்கே நடத்திய ஆய்வு 2017-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. லிச்சியில் ஹைப்போகிளைசின் ஏ, எம்.சி.பி.ஜி. என்று இரண்டு பொருள்கள் உண்டு. பட்டினி கிடக்கும்போது உடம்பு கொழுப்பை எரித்து, அந்தத் தெம்பில் சர்க்கரையைத் தானே தயாரிக்கும். இவை அந்த வேலையைத் தடுத்துவிடும். பழுக்காத காயில் இன்னும் அதிகம். ராத்திரி வயிறார உண்ட குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. அந்தப் பிள்ளைக்கு வெறும் வயிறுதான் வினை.

பாகற்கொடி:
மழைக்காதலன், கசந்தாலே விஷம் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். பாகற்காய் கசக்கவில்லையா? அதன் இயல்பே கசப்பு, அதைக் காலங்காலமாகச் சாப்பிடுகிறோம். ஆனால் அதிலும் எனக்கு ஒரு பயம் உண்டு. என் கணவருக்குச் சர்க்கரை. வெறும் வயிற்றில் பாகற்காய் ஜூஸைக் குடித்துவிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு, டிபனைத் தள்ளிப்போட்டார். சட்டை பொத்தானைப் போடப் போட விரல் நழுவுகிறது. முதுகெல்லாம் வியர்வை. கேட்டதற்கு அவரால் சரியாகப் பதில் சொல்லவும் முடியவில்லை. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். மாத்திரையும் பாகற்காயும் சேர்ந்து சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். சுகர் மாத்திரை போடும் யாராவது வீட்டில் இந்த ஜூஸ் குடித்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மழைக்காதலன்:
பாகற்கொடி, நான் சொன்னது கசக்கக் கூடாத காய் கசப்பதைப் பற்றி. சுரைக்காய், வெள்ளரி, பூசணி, பீர்க்கங்காய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நறுக்கியதும் சின்னத் துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். வேகவைத்தால் போய்விடும் என்று நம்ப வேண்டாம், இந்த நச்சு சூட்டுக்கு எளிதில் அழியாது.

இரவுப்பணி, அப்பா நலம். இப்போதும் காலையில் நடக்கப் போகிறார், ஜூஸ் மட்டும் இல்லை.