மறு: யூஎஸ்பி ஹப்புக்குத் தமிழ்ச்சொல்: கிளைப்பி என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

கணினியின் ஒரு முனையில் (போர்ட்) செருகிப் பல கருவிகளை இணைக்க உதவும் பெட்டிதான் யூஎஸ்பி ஹப். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இந்த இழையில் இதுவரை மையம், குவியம், குடம், பெருக்கி, பிரிப்பான் என்று ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மேசைக்கணினிக்கு ஒரு ஹப் வாங்கப் போகிறவர் இந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு போனால் சரியான பெட்டியை எடுப்பாரா, தவறான பெட்டியை எடுப்பாரா என்பதை நாம் இன்னும் பேசவே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பெருக்கி எளிமையாக இருக்கிறதே, ஒரு முனையைப் பல முனைகளாக்குகிறது

வேண்டாம் என்பேன். ஆம்ப்ளிஃபயருக்கு அந்தச் சொல் எப்போதோ ஊன்றிவிட்டது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல், ஹப் எதையும் பெருக்குவதில்லை. கணினியின் பின்புறம் இருக்கும் ஒரு யூஎஸ்பி 3.0 முனையின் வேகம் நொடிக்கு 5 கிகாபிட். அதில் நான்கு முனை ஹப்பைச் செருகினாலும் பத்து முனை ஹப்பைச் செருகினாலும் அந்த 5 கிகாபிட்டைத்தான் எல்லாக் கருவிகளும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். வேகமான இரண்டு எஸ்எஸ்டி சேமிப்பகங்களை ஒரே ஹப்பில் மாட்டி, இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் பெரிய கோப்புகளைக் கணினிக்கு இறக்கிப் பாருங்கள், இரண்டின் வேகமும் சரிந்து விழும். பெருக்கி என்று பெயர் வைத்துவிட்டு இதை விளக்க முயன்றால் சொல்லே குறுக்கே நிற்கும்.

மையம், குடம் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடலாம். வண்டிச் சக்கரத்தின் குடம் அழகான சொல், ஆங்கிலச் சொல்லின் மூலப் பொருளும் அதுதான். ஆனால் சக்கரத்தில் ஆரக்கால்கள் எல்லாம் சமம். யூஎஸ்பியில் அப்படி இல்லை. கணினியை நோக்கிப் போகும் முனை ஒன்றே ஒன்று, மற்றவை எல்லாம் கருவிகளை நோக்கிப் போகின்றன, அந்த வேறுபாடு செருகியின் வடிவத்திலேயே இருக்கிறது. பழைய ஹப்புகளில் கணினிப் பக்கம் சதுரமான பி வகைத் துளையும் கருவிப் பக்கம் தட்டையான ஏ வகைத் துளைகளும் இருப்பது இதற்காகத்தான். ஒரே ஹப்பில் மாட்டிய அச்சுப்பொறியும் கேமராவும் தங்களுக்குள் நேராகப் பேசிக்கொள்ளவும் முடியாது, எல்லாம் கணினி வழியாகத்தான். ஹப் நடுவில் உட்கார்ந்திருக்கிறதே தவிர அது நடுநாயகம் இல்லை. குவியம் என்பதைப் பிணைய ஹப்புக்குச் சிலர் எழுதுகிறார்கள், அங்கே இருக்கட்டும். அந்தப் பெட்டியில் முனைகள் எல்லாம் சமம், இங்கே இல்லை.

பிரிப்பான் கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் ஒரு கம்பியை இரண்டாக வெட்டி ஒட்டும் வேலையை அந்தச் சொல் நினைவூட்டுகிறது. ஹப்புக்குள் ஒரு சில்லு (சிப்) இருக்கிறது, அது எந்த முனையில் எது செருகப்பட்டது, எது பிடுங்கப்பட்டது என்று கணினிக்குத் தெரிவிக்கிறது, தானே ஒரு கருவியாகப் பதிவுசெய்துகொண்டு கருவிகளுக்கென்று மொத்தமுள்ள 127 முகவரிகளில் ஒன்றை எடுத்துக்கொள்கிறது.

அதனால்தான் கிளைப்பி என்கிறேன். கிளைக்கச் செய்வது கிளைப்பி. யூஎஸ்பியின் அமைப்பு ஒரு மரம், கணினிக்குள் இருப்பதை எல்லாரும் ரூட் ஹப் என்றுதான் சொல்கிறார்கள், அது அப்படியே வேர்க்கிளைப்பி ஆகிவிடும். கணினிப் பக்கம் இருக்கும் அப்ஸ்ட்ரீம், கருவிப் பக்கம் இருக்கும் டவுன்ஸ்ட்ரீம் போர்ட்டுகளுக்கு அடிமுனை, கிளைமுனை என்று வைத்தால் படம் முழுமையாகிவிடுகிறது. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை டி தெரிவோடு (lsusb -t) ஓட்டிப் பாருங்கள். திரையில் கிளை கிளையாக விரியும், ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 12எம், 480எம், 5000எம் என்று (எம் என்பது நொடிக்கு மெகாபிட்) அந்தக் கருவி எந்த வேகத்தில் ஓடுகிறது என்றும் இருக்கும். யூஎஸ்பி 3.0 கிளைப்பி ஒன்றை மாட்டினால் அதே பெட்டி அந்த மரத்தில் இரண்டு இடங்களில் தெரியும், ஏனென்றால் அதற்குள் உண்மையிலேயே இரண்டு கிளைப்பிகள் இருக்கின்றன, ஒன்று 5 கிகாபிட் பாதைக்கு, மற்றொன்று பழைய 480 மெகாபிட் பாதைக்கு. விசைப்பலகை, சுட்டி, பழைய வெப்கேம் எல்லாம் இரண்டாவது பாதையில்தான் போகும், 3.0க்கான நீலத் துளையில் செருகினாலும் அவை வேகமாகிவிடாது.

கிளைக்குமேல் கிளை போகலாம், ஆனால் அளவு உண்டு. வேர், கடைசிக் கருவி இரண்டையும் சேர்த்து ஏழு அடுக்கு. அதாவது நடுவில் ஐந்து கிளைப்பிகளுக்கு மேல் தொடராகக் கோர்க்க முடியாது. ஐந்து யார் கோர்க்கப் போகிறார்கள் என்று தோன்றலாம், ஆனால் சந்தையில் கிடைக்கும் ஏழு முனைப் பெட்டிகள் பலவற்றின் உள்ளே நான்கு முனைச் சில்லுகள் இரண்டு இருக்கின்றன, முதல் சில்லின் ஒரு முனை இரண்டாவதற்குப் போய்விடுகிறது, மிச்சம் மூன்றும் நான்கும் ஏழு. பத்து முனைப் பெட்டியில் இதேபோல மூன்று சில்லுகள். ஆக, வெளியே ஒரு பெட்டி, உள்ளே இரண்டு அடுக்கு. இதைச் சொல்லிப் புரியவைக்கக் கிளை என்ற சொல் இருந்தால் எவ்வளவு எளிது பாருங்கள்.

சரி, இப்போது நான் எழுத வந்த முக்கியமான விஷயம். ஹப்புக்குச் சொல் கண்டுபிடித்ததோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. வாங்குகிறவருக்கு அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது பஸ் பவர்டு (கணினியிடமிருந்து மின்சாரம் பெறுவது), செல்ஃப் பவர்டு (தன் சொந்த மின்சாரத்தில் ஓடுவது) என்ற இரண்டுக்கும் சொற்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வாங்குவதால்தான், வெளி வன்தட்டைச் செருகியதும் அது டிக் டிக் என்று சத்தம் போட்டுவிட்டுச் சுழலாமல் நிற்கிறது, ஹப் மட்டம் என்று பழி வருகிறது.

யூஎஸ்பி 2.0 முனை ஒன்று 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர் வரை தரும். கணினியிடமிருந்தே மின்சாரம் வாங்கும் கிளைப்பி அந்த 500இல் 100ஐத் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியை நான்கு முனைகளுக்குத் தலா 100 என்று பகிர வேண்டும் என்பது விதி. சுட்டிக்கும் விசைப்பலகைக்கும் இது போதும். வன்தட்டுக்குப் போதவே போதாது. யூஎஸ்பி 3.0 முனை 900 மில்லியாம்பியர் வரை தருகிறது, அதையும் நான்கு பேர் பிரித்துக்கொண்டால் கதை அதேதான். தனக்கென்று மின்னேற்பி (அடாப்டர்) வைத்திருக்கும் கிளைப்பி என்றால் ஒவ்வொரு முனையும் முழு அளவைத் தர முடியும், ஆனால் மின்னேற்பி அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். கணக்கு எளிது: ஏழு முனை, தலா 900 மில்லியாம்பியர், மொத்தம் 6.3 ஆம்பியர், 5 வோல்ட்டில் 31.5 வாட். அதோடு வரும் மின்னேற்பியில் 12 வோல்ட் 3 ஆம்பியர் என்றிருந்தால் 36 வாட், நல்லது. 5 வோல்ட் 2 ஆம்பியர் என்றிருந்தால் 10 வாட்தான், ஏழு முனை என்பது பெட்டிமேல் அச்சடித்த எண் மட்டுமே. அப்புறம், மின்னேற்பிக்குத் துளை வைத்துவிட்டு மின்னேற்பியைத் தராமல் விற்பதும் நடக்கிறது, விவரத்தில் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

எனவே என் பரிந்துரை: தன்மின் கிளைப்பி, பெறுமின் கிளைப்பி. தன் மின்சாரத்தில் ஓடுவது தன்மின், கணினியிடம் பெற்று ஓடுவது பெறுமின். கேட்டவுடன் எது எது என்று புரிகிறது, கடைக்காரரிடம் கேட்கவும் நாவில் தடுக்காது. மேசைக்கணினி ஓரிடத்தில் நிற்கிறது, பக்கத்திலேயே மின்செருகு இருக்கிறது, அதற்குத் தன்மின் கிளைப்பியைத் தவிர வேறு எதையும் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

இதோடு சேர்ந்து ஒரு சொல் தேவைப்படுகிறது. மலிவான தன்மின் கிளைப்பிகள் சிலவற்றில் மின்சாரம் அடிமுனை வழியாகக் கணினிக்குள்ளேயே திரும்பிப் பாய்கிறது, ஆங்கிலத்தில் பேக்ஃபீட். இதைப் பின்பாய்வு எனலாம். சோதிப்பது சுலபம்: கணினியை அணைத்து, அதன் மின்கம்பியையும் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, கிளைப்பியின் மின்னேற்பியை மட்டும் போட்டு வையுங்கள். சில நிமிடம் கழித்தும் தாய்ப்பலகையில் (மதர்போர்டு) ஏதாவது விளக்கு எரிந்தால் பின்பாய்வு இருக்கிறது. அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது, பலகைக்கு ஆபத்து.

> கம்பியில்லாச் சுட்டி ஹப்பில் போட்டால் தடுமாறுகிறது, அதுவும் மின்சாரக் குறைவா?

பெரும்பாலும் இல்லை. யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளம்புகிறது, இன்டெல் 2012இலேயே இதை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறது. சுட்டியின் குட்டி வாங்கியை (ரிசீவர்) வன்தட்டுக்குப் பக்கத்து முனையில் வைக்காமல், ஒரு சிறு நீட்டிப்புக் கம்பியில் தள்ளி வைத்துப் பாருங்கள், அல்லது கணினியின் 2.0 முனையில் நேராகச் செருகிவிடுங்கள்.

யூஎஸ்பி என்ற பெயரை நான் தொடவில்லை, பெட்டிமேல் அந்த மூன்று எழுத்துதான் இருக்கும். டாக் என்பதையும் இதே சொல்லில் அடக்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்பது என் எண்ணம், திரை இணைப்பும் பிணைய இணைப்பும் சேர்ந்த கருவி அது, தனி இழை தொடங்கிப் பேசுவோம்.

பெறுமின் என்பதைவிடச் சார்மின் நன்றாக இருக்கிறது என்று ஒரு நண்பர் தனிமடலில் சொன்னார். சூரிய மின்சாரம், அணுமின் மாதிரி அதுவும் ஒரு மின்வகை என்று குழப்புமோ என்று எனக்கு ஒரு தயக்கம். இதில் மட்டும் எல்லாரும் கருத்துச் சொல்லுங்கள், மற்ற சொற்களை மறுப்பு வராவிட்டால் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.

அன்புடன்