டெட் கென்னடி செய்தி வந்த பேப்பரை மாமா ஏன் இவ்ளோ பத்திரமா வெச்சிருந்தாரு?

வைகைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். என் மாமனார் போன தை மாசம் தவறிட்டாரு. மதுரையில மெடிக்கல் படிச்சு முடிச்சிட்டு 1971-ல அமெரிக்கா வந்தவரு, குழந்தைங்க டாக்டர், கடைசி வரைக்கும் டெக்சாஸ்லதான் இருந்தாரு. அவர் அலமாரிய ஒழிக்கும்போது பழைய பாஸ்போர்ட், ஜாதகம்லாம் வெச்சிருந்த பைக்குள்ள 2009 ஆகஸ்ட் மாசத்து பேப்பர் ஒண்ணு பிளாஸ்டிக் கவர் போட்டு மடிச்சு இருந்துச்சு. முதல் பக்கம் பூரா டெட் கென்னடி இறந்த செய்தி. நான் 2006-லதான் இங்க வந்தேன், எனக்கு கென்னடின்னா சுட்டுக் கொன்னாங்களே அந்த ஜனாதிபதி மட்டும்தான் தெரியும், இவர் அவரோட தம்பின்னே இப்பதான் தெரியும். மாமா அரசியல் பேசுற ஆளே இல்ல. ஆனா ஒருதடவை சாப்பிடும்போது "இந்தாளு இல்லேன்னா நாம யாரும் இங்க கிடையாதும்மா"ன்னு சொன்னது ஞாபகம் இருக்கு, அன்னிக்கு நான் மேல கேட்டுக்கல, அது இப்ப உறுத்துது. இவர் அப்படி என்ன செஞ்சாரு? அந்தக் காலத்துலயே வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. பையன் எட்டாவது படிக்கிறான், தாத்தாவைப் பத்தி ஸ்கூல்ல எழுதணுமாம்.

நியூஜெர்சி_தாத்தா:

உங்க மாமா சொன்னது நூத்துக்கு நூறு சரிம்மா. நான் 1973-ல வந்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கோங்க.

1965-க்கு முன்னாடி இந்த நாட்டுல யார் குடியேறலாம்ங்கறத அவங்க பொறந்த நாட்ட வெச்சுதான் முடிவு பண்ணாங்க. பிரிட்டன், ஜெர்மனி, அயர்லாந்துக்கெல்லாம் ஆயிரக்கணக்குல இடம். இந்தியாவுக்கு எவ்ளோ தெரியுமா, வருஷத்துக்கு 100 பேர்! அதுவும் 1946-ல சட்டம் போட்டு கொடுத்தது, அதுக்கு முன்னாடி அந்த நூறும் கிடையாது. எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் மதுரைல பொறந்திருந்தா அந்த நூறுக்குள்ளதான் வந்தாகணும். இத மாத்தணும்னு 1963-ல ஜான் கென்னடி இந்த நாட்டுப் பார்லிமென்ட்டான காங்கிரஸுக்கு எழுதினாரு, அந்த வருஷ நவம்பர்லயே அவர கொன்னுட்டாங்க. அந்த மசோதாவ செனட்ல, அதாவது காங்கிரஸோட மேல்சபைல, கையில எடுத்து நடத்தினது தம்பி டெட்தான், 1965-ல அவருக்கு வயசு 33, செனட்டுக்கு வந்தே மூணு வருஷம் ஆகல. அதுக்கு முந்தின வருஷம்தான் விமான விபத்துல முதுகெலும்பு உடைஞ்சு மாசக்கணக்குல படுத்த படுக்கையா கிடந்து எழுந்து வந்திருந்தாரு, அந்த விபத்துல பைலட்டும் கூட இருந்த உதவியாளரும் இறந்துட்டாங்க. 1965 அக்டோபர் 3-ஆம் தேதி சுதந்திரதேவி சிலைக்குக் கீழ உக்காந்து ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்து போட்டாரு. அதோட பொறந்த நாட்டுக் கணக்கு போச்சு, ஒரு நாட்டுக்கு வருஷத்துக்கு 20,000 பேர் வரைக்கும் வரலாம், படிப்பும் தொழிலும் குடும்ப உறவும்தான் பார்ப்பாங்கன்னு ஆச்சு. அதே வருஷம் வயசானவங்களுக்கு அரசு இன்சூரன்ஸ், மெடிகேர்னு வந்து ஆஸ்பத்திரிங்களுக்கு டாக்டர் பத்தல. 71-ல உங்க மாமா வந்தது அந்தக் கதவு வழியாதான், எஞ்சினியரா நான் வந்ததும் அதே வழிதான்.

இன்னொண்ணும் சொல்லணும். இப்ப ஐடி பசங்க எல்லாரும் பேசுற எச்-1பி வேலை விசா இருக்கே, அது வந்த 1990 குடியேற்ற சட்டத்தையும் செனட்ல கொண்டுவந்தது இவர்தான். ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல கிரீன் கார்டு கிடையாதுங்கறதும் அதே சட்டத்துலதான் இருக்கு, அதுல மாட்டிக்கிட்டு வருஷக்கணக்குல காத்திருக்குற பிள்ளைங்க எங்க தெருவுலயே நாலு பேர். அதையும் மறைக்காம சொல்லிடணும்ல.

பாஸ்டன்_குளிர்:

தாத்தா சட்டத்த சொல்லிட்டாரு, நான் ஊர் எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன் அக்கா. 2009-ல நான் இங்க மாஸ்டர்ஸ் படிச்சிட்டு இருந்தேன். ஆகஸ்ட் 25 ராத்திரி ஹயானிஸ் போர்ட் வீட்டுல இறந்தாரு, மூளையில கட்டி, வயசு 77. கடற்கரை வீட்டுலேர்ந்து பாஸ்டன் வரைக்கும் காரிலதான் கொண்டு வந்தாங்க, வழி நெடுக பாலத்து மேல, ரோட்டோரத்துல சனங்க நின்னாங்க. அண்ணன் பேர்ல இருக்குற ஜான் கென்னடி லைப்ரரில ரெண்டு நாள் வெச்சிருந்தாங்க, ரூம்மேட்டோட நானும் போய் லைன்ல நின்னேன், மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. எனக்கு முன்னாடி ஒரு ஐரிஷ் பாட்டி, தன் வீட்டுக்காரரோட பென்ஷன் ஒரு வருஷமா வராம இருந்தப்ப செனட்டர் ஆபீஸுக்கு ஒரு லெட்டர் போட்டேன், மூணு வாரத்துல வந்துச்சுன்னு சொல்லிட்டே வந்தாங்க. பின்னாடி நின்ன ஆள் அதே மாதிரி வேற ஒண்ணு சொன்னாரு. நம்ம ஊர்ல நல்ல எம்.எல்.ஏ செத்தா எப்படி ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி அழுவாங்களோ அதேதான், அமெரிக்காவுல அப்படி ஒண்ண நான் அதுக்கு முன்னாடியும் பாக்கல பின்னாடியும் பாக்கல. 2001 செப்டம்பர் 11-ல அவர் மாநிலமான மாசசூசெட்ஸ்காரங்க 177 பேர் இறந்தாங்க, அந்த 177 வீட்டுக்கும் அவரே போன் பண்ணாராம், சும்மா துக்கம் விசாரிச்சிட்டு விடாம வருஷக்கணக்குல அவங்களோட தொடர்புல இருந்தாரு.

29-ஆம் தேதி ராக்ஸ்பரி சர்ச்ல அடக்க பூஜை, அன்னிக்கு நல்ல மழை, ஒபாமா வந்து பேசினாரு. நான் டிவியில பாத்தேன். ஆனா என்னை உலுக்கினது அவர் மகன் பேசினதுதான். அந்தப் பையனுக்கு 12 வயசுல எலும்புல கேன்சர் வந்து ஒரு கால எடுத்துட்டாங்க, கொஞ்ச நாள் கழிச்சு பனி பெஞ்சப்ப அப்பா சறுக்கு வண்டிய எடுத்துக்கிட்டு வாடா மேட்டுல ஏறலாம்னு கூப்பிட்டிருக்காரு. பையன் செயற்கைக் காலோட வழுக்கி விழுந்து, என்னால முடியாதுப்பான்னு அழுதிருக்கான். அப்பா தூக்கி நிறுத்தி, நாள் பூரா ஆனாலும் சரி ரெண்டு பேரும் சேந்தே ஏறுவோம்னு சொல்லி ஏறிட்டாங்களாம். இப்ப எழுதும்போதும் தொண்டை அடைக்குது.

உண்மையும்பேசுவோம்:

எல்லாரும் நல்லதே சொல்றீங்க, நானும் மதிக்கிறேன், ஆனா பையன் எழுதறான்னா 1969-ஐ விட்டுட்டு எழுதக்கூடாது. ஜூலை 18 ராத்திரி சப்பாக்விடிக் தீவுல அவர் ஓட்டின கார் பாலத்துலேர்ந்து தண்ணியில விழுந்துச்சு, கூட வந்த மேரி ஜோ கோபெக்னிங்கற 28 வயசுப் பொண்ணு உள்ளயே செத்துப் போச்சு. இவர் வெளிய வந்துட்டாரு, ஆனா போலீஸ்கிட்ட சொன்னது மறுநாள் காலைலதான். விபத்து நடந்த இடத்த விட்டுப் போனதுக்கு குற்றத்த ஒத்துக்கிட்டாரு, ரெண்டு மாசம் தண்டனை, அதையும் நிறுத்தி வெச்சாங்க, உள்ள போகல. கென்னடிங்கற பேர் இல்லாத ஒருத்தன்னா இது இப்படி முடிஞ்சிருக்குமா? அந்தப் பொண்ணு இவரோட இன்னொரு அண்ணன் ராபர்ட் கென்னடி எலெக்‌ஷனுக்கு ராப்பகலா வேலை செஞ்சவ, அந்தக் குடும்பத்த நம்பினவ. 1980-ல இவர் ஜனாதிபதி ஆகணும்னு, அப்ப ஜனாதிபதியா இருந்த சொந்தக் கட்சி கார்ட்டர எதிர்த்து நின்னப்பவும் சனங்க அத மறக்கல.

நியூஜெர்சி_தாத்தா:

தம்பி சொன்னதுல ஒரு வார்த்தை கூட மறுக்க மாட்டேன். அந்தப் பொண்ணைப் பெத்தவங்களுக்கு வேற பிள்ளை கிடையாது. அவர் அதுக்கப்புறம் நாப்பது வருஷம் செனட்ல உழைச்சத அதுக்கு ஈடுன்னு நான் சொல்ல வரல, ரெண்டையும் தனித்தனியா எழுதட்டும்.

டாக்காவில்_ஒருவன்:

நான் கார்மென்ட்ஸ் கம்பெனி வேலையா டாக்காவுல இருக்கேன், திருப்பூர்க்காரன். இங்க இவர் பேர் சொன்னா வயசானவங்க முகமே மாறும். 1971-ல கிழக்கு பாகிஸ்தான்லேர்ந்து, அதாவது இப்போதைய வங்கதேசத்துலேர்ந்து, கிட்டத்தட்ட ஒரு கோடி பேர் இந்தியாவுக்கு ஓடி வந்தாங்கல்ல, அந்த ஆகஸ்ட்ல இவர் கல்கத்தா பக்கம் இருந்த முகாம்களுக்கு நேர்ல வந்து மழைச்சேத்துல நடந்தாரு. பாகிஸ்தான் அவர உள்ள விடல. அமெரிக்காவுல நிக்சன் அரசாங்கம் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் பக்கம் நிக்குறப்ப, அங்க நடக்குற கொலைகள நாமதான் ஆயுதம் கொடுத்து வளக்குறோம்னு திரும்பிப் போய் செனட்ல அறிக்கையே வெச்சாரு. டாக்கா யுனிவர்சிட்டில மாணவர்கள் கூட்டம் போடுற பெரிய ஆலமரம் ஒண்ணு இருந்துச்சு, அந்தப் போர்ல பாகிஸ்தான் ராணுவம் அத வேரோட பிடுங்கிடுச்சு. 1972 பிப்ரவரில இவர் வந்து அதே இடத்துல ஒரு ஆலங்கன்னு நட்டாரு, அமெரிக்கா அப்ப வங்கதேசத்த ஒரு நாடாவே ஏத்துக்கல. அந்தக் கன்னு இன்னிக்கு பெரிய மரம், அதுக்கடியிலதான் பசங்க டீ குடிச்சிட்டு அரசியல் பேசுறாங்க. வைகைக்கரை மேடம், போட்டோ வேணும்னா தனிச்செய்தில அனுப்புறேன், பையனுக்கு உதவும்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சு முடிச்சிட்டு அந்தப் பேப்பர திரும்ப எடுத்து விரிச்சேன். உள்பக்கத்துல ஒரு இடத்துல மட்டும் மாமா நீல பேனாவால கோடு போட்டிருக்காரு. குடியேற்ற சட்டமாத்தான் இருக்கும்னு நெனச்சேன், இல்ல. 1997-ல குழந்தைங்களுக்கு இன்சூரன்ஸ் திட்டம் கொண்டு வந்தாராமே, அந்த வரி. ஏழைங்களுக்கான அரசு இன்சூரன்ஸ் மெடிக்கெய்ட் கிடைக்குற அளவு ஏழையும் இல்ல, சொந்தமா இன்சூரன்ஸ் வாங்க வசதியும் இல்லங்கற வீட்டுப் பிள்ளைங்களுக்கு, எதிர்க்கட்சி செனட்டர் ஆரின் ஹாட்சையும் சேத்துக்கிட்டு, சிகரெட் மேல வரி போட்டு செஞ்சதாம். அத்தைகிட்ட போன்ல கேட்டேன். அத்தை கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னாங்க, அந்தத் திட்டம் வர்றதுக்கு முன்னாடி கையில காசில்லாத மெக்சிகன் அம்மாங்க ஜுரம் முத்துற வரைக்கும் பிள்ளைய வீட்டுலயே வெச்சிருந்துட்டு ராத்திரி பதினோரு மணிக்கு நம்ம வீட்டுக் கதவ வந்து தட்டுவாங்களாம், மாமா லுங்கியோட வெளிய வந்து வராண்டா லைட்லயே பாத்து மருந்து கொடுப்பாராம், திட்டம் வந்ததும் அவரே உக்காந்து அவங்களுக்கு ஃபாரம் பூர்த்தி பண்ணிக் கொடுத்தாராம்.

பையன் இந்தக் கதவு தட்டுற கதையிலேர்ந்துதான் ஆரம்பிக்கப் போறேன்னு சொல்றான். சப்பாக்விடிக்கும் எழுதுறான், அந்தப் பொண்ணு பேரோட. டாக்கா சார், போட்டோ கண்டிப்பா அனுப்புங்க. பாஸ்டன் தம்பி, அந்த லைப்ரரி பக்கத்துலயே டெட் கென்னடி பேர்ல ஒரு இடம் இருக்காமே, செனட் சபை மாதிரியே கட்டியிருக்காங்கன்னு பையன் பாத்து வெச்சிருக்கான், ஜூன்ல வந்தா அத்தையயும் கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம், அவங்களுக்கு முட்டிவலி, ரொம்ப நடக்க வேண்டியிருக்குமா?