புது ஸ்பீடோமீட்டர், பழைய கார்: முள்ளை நம்ப வைத்த கதைகள்

பழைய கார் வைத்திருக்கும் சிலர் பேசிக்கொண்டது. பேசுபவரின் காரே ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு.

மோரிஸ் மைனர், ஐந்து கியர் மாற்றம்

ஸ்பீடோமீட்டர் டயலின் அழகைப் பார்த்து வாங்குபவர்களே அதிகம். முதலில் பார்க்க வேண்டியது அதன் முகப்பில் பொடியாக அச்சிட்டிருக்கும் எண். ஸ்மித்ஸ் டயல்களில் 1000, 1280 என்று ஏதாவது இருக்கும். கியர்பாக்ஸிலிருந்து டயலுக்கு வரும் கேபிளின் உள்கம்பி, கார் ஒரு மைல் ஓடுவதற்குள் அத்தனை சுற்றுச் சுற்றினால்தான் முள் உண்மை பேசும்.

தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் காருக்கு இந்தக் கவலை இல்லை. என் காரில் வேறொரு காரின் ஐந்து கியர் பெட்டி, மாற்றிய கிரவுன் பினியன் (பின் அச்சின் பல்சக்கர ஜோடி), அகலமான டயர் என்று எதுவுமே பழையபடி இல்லை. இந்த நிலையில் எந்த விற்பனையாளர் "இது உங்கள் காருக்குச் சரியாக இருக்கும்" என்றாலும் அது ஜோசியம்தான்.

ஆகவே அளந்தேன். கேபிளை டயல் பக்கம் கழற்றி, உள்கம்பியின் நுனியில் அட்டையில் வெட்டிய அம்பு ஒன்றைச் செருகி, கியரை நியூட்ரலில் வைத்து, சமதளத்தில் 20 மீட்டர் தள்ளினோம். மைத்துனர் தள்ளினார், நான் உட்கார்ந்து அம்பின் சுற்றுகளை எண்ணினேன் (வேலையைப் பங்கிடுவதில் எனக்கு நல்ல கைராசி). 16 சுற்று வந்தது. மீட்டருக்கு 0.8 என்றால் மைலுக்கு ஏறக்குறைய 1287. எனவே 1280 டயல் வாங்கினேன், அரை சதவீத வித்தியாசம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அழகாக இருக்கிறதே என்று 1000 டயலை வாங்கியிருந்தால், 60 மைல் வேகத்தில் போகும்போது அது 77 என்று காட்டியிருக்கும்.

சிலர் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றி எண்ணுகிறார்கள். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால், இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றைத்தான் கியர்பாக்ஸுக்கு அனுப்பும். அதை இரண்டால் பெருக்க வேண்டும். கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் தள்ளுவதே மேல்.

பீட்டில், முன்பக்கம் தாழ்த்தியது

பீட்டிலில் கியர்பாக்ஸை என்ன செய்தாலும் ஸ்பீடோமீட்டருக்குத் தெரியவே தெரியாது. கேபிள் இடது முன்சக்கரத்தின் நடுவிலிருந்து கிளம்புகிறது. சக்கர மூடியின் சதுரத் துளையில் அதன் முனை நின்று சுழல்கிறது. ஆகவே முன் டயரில் கை வைத்தால்தான் வம்பு. நான் 165/80-15 அளவு டயர் இருந்த இடத்தில் அதைவிடச் சிறிய 145/65-15 போட்டேன். சுற்றளவு சுமார் 12 சதவீதம் குறைந்தது. உண்மையில் 80 கிலோமீட்டரில் போகும்போது முள் 90-ஐத் தாண்டி நிற்கிறது.

புதிய டயல் வாங்கச் சொன்னார்கள். அதற்கு முன், ஓடிய தூரத்தைக் காட்டும் ஒடோமீட்டரைப் பார்த்தேன். சாலையோரக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டால் அதுவும் அதே விகிதத்தில் கூடுதலாக ஓடியது. இது முக்கியமான தடயம். ஒடோமீட்டர் பல்சக்கரங்களால் நேராகச் சுழல்கிறது. முள் அப்படியல்ல. கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்ற, அது அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்க, மெல்லிய சுருள்வில் பிடித்து நிறுத்துகிறது. 1902-இல் ஓட்டோ ஷுல்ட்சே காப்புரிமை பெற்ற ஏற்பாடு இதுதான். முள் மட்டும் பிழையென்றால் காந்தத்திலோ சுருள்வில்லிலோ கோளாறு. இரண்டும் ஒரே அளவில் பிழையென்றால் டயலின் மேல் பழி போடக் கூடாது, டயரோ விகிதமோ மாறியிருக்கிறது.

முள் ஆடும் தொல்லையும் இருந்தது. மெதுவாகப் போகும்போது 20-க்கும் 40-க்கும் இடையே ஊஞ்சலாடியது. டயலுக்குப் பின்னால் கேபிள் முறுக்கி வளைந்திருந்ததே காரணம். வளைவைப் பெரிதாக்கியதும் அடங்கிவிட்டது. கிரீஸ் போடுபவர்கள் டயல் பக்க நுனியில் சில அங்குலங்களை விட்டுவிட வேண்டும். சுழலும் கம்பி கிரீஸை மேலே ஏற்றி டயலுக்குள் கொண்டுபோய்விடும்.

எம்ஜிபி, 1965

கேபிளே வேண்டாம் என்று முடிவெடுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் கார்டன் ஷாஃப்ட்டில் காந்தங்கள், பக்கத்தில் அவற்றை உணரும் ஹால் சென்சார், மின்னணு டயல் என்று போனேன். இந்த வயதுள்ள பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். மின்னணு டயலை அப்படியே இணைத்தால் ஒரே நொடியில் கருகும். முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிக்கொண்டேன்.

அதன்பின் ஒரு வேடிக்கை. கார் நிற்கிறது, எஞ்சினை முறுக்கினால் முள் எழுந்து ஆடுகிறது! சென்சார் பழுதென்று ஒரு மின்சாரப் பட்டறையில் புதிதாக விற்கப் பார்த்தார்கள். உண்மையில் பிளக் வயர்கள் வெறும் தாமிரக் கம்பி. அவற்றின் மின்பொறி இரைச்சலைத்தான் டயல் சக்கரச் சுற்றென்று எண்ணிக்கொண்டிருந்தது. ரெசிஸ்டன்ஸ் உள்ள பிளக் வயர் போட்டேன். சென்சார் கம்பியை உறையுள்ளதாக மாற்றி, அந்த உறையை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். ஆட்டம் நின்றது. இந்த டயலில் அளவு திருத்துவது சுகம்: பொத்தானை அழுத்தி, அளந்த தூரம் ஓட்டி, மறுபடி அழுத்தினால் அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது.

டட்சன் 510

இவ்வளவு பாடு எதற்கு அண்ணா, ஜிபிஎஸ் டயல் போட்டுவிடலாமே? டயரும் விகிதமும் எதுவாக இருந்தாலும் கவலையில்லையே?

மோரிஸ் மைனர், ஐந்து கியர் மாற்றம்

போடலாம் தம்பி. வண்டியை எடுத்தவுடன் செயற்கைக்கோளைப் பிடிக்கும் வரை முள் பூஜ்யத்திலேயே நிற்கும், சுரங்கப்பாதையில் கண்ணை மூடிக்கொள்ளும், அழுத்தி முடுக்கினால் சற்றுத் தாமதமாக வரும். இவற்றைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் அதைவிடச் சுலபம் இல்லை. ஆன்டெனாவை உலோக டாஷ்போர்டுக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டாம், முன்கண்ணாடிக்கு அடியில் வானம் தெரியும் இடத்தில் வையுங்கள்.

பீட்டில் நண்பருக்கு ஒரு செய்தி: ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன விதிப்படி, ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாக, உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டர் வரை காட்டலாம். 80-க்கு 92 வரை அனுமதி. உங்கள் முள் அந்த வரம்புக்குள்தான் நிற்கிறது. பழைய காரை விற்கும்போது மட்டும் ஒடோமீட்டர் எண்ணைப் பற்றி வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.