பட்டிப் பொங்கலுக்குத் தெப்பக்குளம் ஆரு கட்டறது?

மேக்காலத் தோட்டம் குடும்பக் குழு
ஜனவரி 10

மணிமேகலை (இரவு 7:42): ஏனுங், எல்லாரும் எப்ப வர்றீங்க? அத்தை காலையில இருந்து கேட்டுட்டே இருக்காங்க. 14 காப்புக்கட்டு, 15 பொங்கல், 16 பட்டி, அதான் மாட்டுப் பொங்கல். அரிசி எத்தனை படி போடறதுன்னு எனக்குத் தெரியோணும்.

ரேவதி: நங்கையா, டிரெயின் டிக்கெட் இன்னும் வெயிட்டிங்லயே நிக்குது. ஆகலீன்னா 13 ராத்திரி காருல கெளம்பறோம்.

கோகிலா: நாங்க 15 காலையில. இவருக்குக் கம்பெனில சரக்கு அனுப்பற வேலை இருக்குதுங்க.

பழனிச்சாமி: பட்டிக்கு இருப்பீங்களா

முருகேசன்: [படம்: இனிய இரவு வணக்கம்]

மணிமேகலை: அண்ணா, மணி இன்னும் எட்டாகலைங்க.

ரேவதி: ஒரு விசயம் கேக்கோணும். பொடுசுக ஏழு பேரு, முழுசா நாலு நாளு. போன சித்திரை லீவுல ஏழும் ஏழு மூலையில போனை வெச்சுட்டு உக்காந்திருந்துச்சுக. அம்மா பாவம், முறுக்கு வட்டலைக் கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரு பக்கமா போயிப் போயி நின்னுச்சு. இந்த வாட்டி ஏதாச்சும் செய்ய வெக்கோணும். சுமதிக்கா, நீதான் டீச்சரு, சொல்லு.

மணிமேகலை: எரிமலை மட்டும் வேண்டாம் சாமி. போன வாட்டி ஊத்துன செவப்பு இன்னும் திண்ணையில போகல.

கோகிலா: அது தருண் இல்லீங்க.

நவீன்: தருண்தான்.

கோகிலா: நவீனு...

சுமதி: எரிமலை இல்லீங்க. நானும் ரெண்டு நாளா இதையேதான் ரோசிச்சுட்டு இருக்கறேன். கடையில விக்கற கிட்டு ஒண்ணும் வாங்க வேண்டாம். பட்டிப் பொங்கலுக்கு அப்பா கட்டுத்தரையில களிமண்ணும் சாணியும் வெச்சு சின்னதா ஒரு தெப்பக்குளம் கட்டுவாரல்ல, அதை இந்த வருஷம் பசங்களே கட்டட்டும். போன வருஷம் அப்பா போனதால நோம்பி கும்பிடல. அதுக்கு முந்துன வருஷம் அவரு தனியா உக்காந்து கரை வெச்சுட்டு இருந்தாரு. இனியன் கிட்டப் போனப்ப, சாணி ஒட்டிக்கும் வாடான்னு நானே கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன். அப்பாவும் ஒண்ணும் சொல்லல, நிமிந்து ஒருக்கா பாத்தாரு, அவ்வளவுதான். அது எனக்கு இன்னும் மனசுல நிக்குது.

பழனிச்சாமி: ம்

ரேவதி: அக்கா 😢

சுமதி: எப்படிச் செய்யறதுன்னு சொல்றேன், கொஞ்சம் பெருசா இருக்கும், பொறுமையாப் படிங்க. எடுத்ததும் கொளம் கட்ட விடக்கூடாது. மொதல்ல கட்டுத்தரை ஓரமா ஒரு சாண் அகலத்துல மூணு குழி, மூணும் ஒரே ஆழம். ஒண்ணுல எதுவும் பூச வேண்டாம். ஒண்ணுல களிமண்ணு மட்டும் பூசோணும். மூணாவதுல களிமண்ணு பூசி மேல சாணிக் கரைசல் வழிக்கோணும். மூணுலயும் ஒரே சொம்புல அளந்து தண்ணி ஊத்தி, ஈர்க்குச்சி நட்டு, பத்து நிமிசத்துக்கு ஒருக்கா தண்ணி எங்க நிக்குதுன்னு கோடு போடோணும். எது நிக்கும், எது வத்தும்னு ஊத்தறதுக்கு முன்னாடியே ஒவ்வொருத்தரும் நோட்டுல எழுதி வெச்சிரோணும். பெரியவங்க ஆரும் விடையைச் சொல்லிராதீங்க.

சுமதி: காரணம் உங்களுக்கு மட்டும். மணலு கண்ணுக்குத் தெரியற அளவு பெருசு, நடுவுல சந்து இருக்கும், தண்ணி எறங்கிப் போயிரும். களிமண்ணுத் துகளு 0.002 மில்லிமீட்டரை விடச் சின்னது. ஈரத்தோட மிதிச்சா தட்டுத் தட்டா நெருங்கிப் படிஞ்சு சந்தை அடைச்சுக்கும். ஆனா காஞ்சா சுருங்கி வெடிக்கும். சாணியில இருக்கற நாருதான் வெடிக்காமப் புடிச்சு நிறுத்தறது. ஊர்ல ஏரிக்கரை போட்டவங்களும் களிமண்ணை மிதிச்சு மிதிச்சுத்தான் போட்டாங்க.

கோகிலா: நங்கையா, தன்யாவுக்கு டஸ்ட் அலர்ஜி.

சுமதி: ஈர மண்ணுல தூசி எங்க கண்ணு?

முருகேசன்: கவுந்தப்பாடில நாட்டுச் சர்க்கரை வாங்கியாச்சு. 5 கிலோ.

மணிமேகலை: 5 பத்தாதுங்கண்ணா.

பழனிச்சாமி: சுமதி, மூணு குழி சரி. ஆனா மண்ணை மொத நாளே ஊறப் போடோணும். அப்பா காப்புக்கட்டு அன்னைக்கு சாயங்காலமே கொளத்துக் களிமண்ணைக் கொண்டாந்து கல்லுப் பொறுக்கிட்டு ஊற வெச்சிருவாரு. அடுத்த நாளு குதிங்காலாலயே மிதிப்பாரு, வெரலு பக்கத்தால மிதிச்சா மண்ணு பிதுங்குமே ஒழிய ஒண்ணாச் சேராதும்பாரு. பொறவு ஒரு உருண்டை எடுத்து உள்ளங்கையில சுண்டுவெரலு தண்டிக்கு நீளமா உருட்டுவாரு. அதை வளையலாட்ட வளைப்பாரு. வளைஞ்சும் வெடிப்பு விடலீன்னா மண்ணு ஆச்சு. வெடிச்சா மணலு இருக்குது, அக்கட்டப் போடுன்னு சொல்லிருவாரு. எனக்குப் பத்து வயசுல அந்த வளையத்தை என்ற மணிக்கட்டுல மாட்டி விட்டாரு.

ரேவதி: அண்ணா!! இவ்வளவு பெரிய மெசேஜ் நீ இந்தக் குரூப்புல போட்டதே இல்ல.

சுமதி: அண்ணா, அந்த வளையத்தைப் பசங்களுக்கு நீதான் காட்டோணும். மண்ணுல களி எவ்வளவு, மணலு எவ்வளவுன்னு பாக்க காலேஜ்லயும் இப்படித்தான் உருட்டி வளைச்சுப் பாக்கச் சொல்லிக் குடுக்கறாங்க. அப்பா எந்தக் காலேஜுக்குப் போனாரு?

பழனிச்சாமி: பாக்கலாம்

நவீன்: ஏழு பேருக்கும் ஒரு கொளம் பத்தாதே அத்தை. சண்டை வரும்.

சுமதி: அதுக்கும் வழி வெச்சிருக்கறேன். சின்னதுக நாலும் கொளம். பெருசுக மூணும் வாய்க்கால். கொடத்துல மொண்டு ஊத்தக்கூடாது, தொட்டியில இருந்து கட்டுத்தரைக்கு வாய்க்கால் வெட்டி அதுலதான் தண்ணி வரோணும். அறுபது அடி இருக்குமா? மூணு இஞ்சு எறக்கம் இருந்தாப் போதும். எறக்கம் அதிகமானா மண்ணை அரிச்சுட்டு ஓடும், இல்லவே இல்லீன்னா தேங்கிக்கும். கொத்தனாருக வெச்சிருக்கற மாதிரி கண்ணாடி டியூப்புல தண்ணி ரொப்பி ரெண்டு முனையையும் தூக்கிப் புடிச்சா, ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும். அதை வெச்சு மேடு பள்ளம் அளந்துக்கலாம். காலிங்கராயன் வாய்க்கால் 1283ல முடிஞ்சது, பவானியில இருந்து நொய்யலு வரைக்கும் 90 கிலோமீட்டரு. நேராப் போகாம எதுக்கு அத்தனை வளைவுன்னு இனியன் ரெண்டு வருஷமாக் கேக்கறான். மேட்டைச் சுத்திப் போனாத்தான் எறக்கம் கெடாதுன்னு வாயால சொன்னேன், பேருக்குத் தலையாட்டுனான். அவனே அறுபது அடி வெட்டட்டும், நடுவுல அந்தத் தென்னமரம் குறுக்க வருதல்ல, அப்பத் தெரிஞ்சுக்குவான்.

செல்வராஜ்: அக்கா, தொட்டி ஆரு பாகத்துல இருக்குதுன்னு மறந்துட்டியா?

(இரவு 8:31)

பழனிச்சாமி: கொடத்துலயே ஊத்திக்கலாம். ஆருகிட்டயும் கேக்க வேண்டியதில்ல.

செல்வராஜ்: நான் கேக்கச் சொல்லல. மோட்டாரு முறையை ஆரு மாத்துனதுன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க.

பழனிச்சாமி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரேவதி: ஐயோ, ரெண்டு பேரும் நிறுத்துங்க. பசங்க விளையாட்டைப் பத்திப் பேசிட்டு இருக்கறோம்.

மணிமேகலை: இவரு போனை வாங்கி வெச்சுட்டேன்.

முருகேசன்: ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. பசங்களுக்குச் சொல்லுங்க.

ரேவதி: மச்சான், நல்ல நேரத்துல சொன்னீங்க. அக்கா, மித்ரனுக்கு ஆறு வயசுதான், மண்ணு மிதிச்சு முடிச்சதும் சலிச்சுக்குவான். உக்காந்து செய்யற மாதிரி ஏதாச்சும்?

சுமதி: மஞ்சக் காயிதம். மஞ்சத்தூளைத் தண்ணியில நல்லாக் கரைச்சு வெள்ளைக் காயிதத்தை முக்கி நெழல்ல காய வெச்சிரு. பொறவு பஞ்சுக் குச்சியில சோப்புத் தண்ணியைத் தொட்டு கோலம் போடச் சொல்லு. போட்ட எடமெல்லாம் செவந்துரும். அதுமேல எலுமிச்சைச் சாறு தொட்டா திரும்ப மஞ்சளாயிரும். மஞ்சள்ல இருக்கற குர்க்குமின், சோப்பு சுண்ணாம்பு மாதிரி காரம் பட்டாச் செவக்கும், புளிப்பு பட்டா பழைய நெறத்துக்கே வந்துரும். ஆரத்தித் தட்டுல சுண்ணாம்பு போட்டதும் செவக்குதே, அதேதான். ஆனா பசங்க கையில சுண்ணாம்பு குடுத்துராதே, கண்ணுல பட்டா ஆபத்து. சோப்பே போதும்.

கோகிலா: சட்டையில மஞ்சக்கறை பட்டு சோப்புப் போட்டாச் செவக்குதே, அதும் இதுதானுங்களா?

சுமதி: அதேதான் கண்ணு! சரியாப் புடிச்ச.

செல்வராஜ்: சாயப்பட்டறையில புளிப்பா காரமான்னு காட்டற பி.எச். பேப்பர் வெச்சுப் பாக்கறதும் இதே கணக்குதான். என்கிட்ட ஒரு கட்டு இருக்குது. கெணத்துத் தண்ணி, மோரு, புளித்தண்ணி, சாம்பல் தண்ணி எல்லாத்தையும் ரெண்டு காயிதத்துலயும் தொட்டுப் பாக்கச் சொல்லு. மஞ்சக் காயிதம் காரத்தைத்தான் காட்டும், மோருக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாது. அந்தப் பேப்பர்ல தெரியும்.

சுமதி: கொண்டா, கொண்டா. சாம்பல் தண்ணியை நீயே கையோட வெச்சுக்கோ.

ரேவதி: பொங்கப்பானை ஏன் பொங்குதுன்னு மித்ரன் கேப்பான். சுடுதண்ணி பொங்கி வழியறதில்லயேன்னு நேத்தே கேட்டான்.

சுமதி: பாலு சூடாகறப்ப மேல ஆடை கட்டும், அரிசிக் கஞ்சியும் வழவழன்னு சேரும். அடியில இருந்து வர்ற ஆவி வெறுந்தண்ணின்னா வெடிச்சு வெளிய போயிரும். இங்க நொரையில மாட்டிக்கிட்டு, நொரையையே தூக்கிட்டு மேல வரும். ரெண்டு சட்டியில வெச்சு தள்ளி நின்னு காட்டலாம்.

நவீன்: [படம்]

நவீன்: இது என்ன அத்தை? வாசல்ல துணி காயப்போடற கல்லுக்கால் இருக்குதல்ல, அதைச் சுத்தி சிமென்ட் தரையில உளி வெச்சு வெட்டுன மாதிரி மூணு கோடு. வடக்கால ரெண்டு, தெக்கால ஒண்ணு. வடக்கால ஒண்ணு மூணடிக்கு மேல தள்ளி, இன்னொண்ணு காலுக்கு ஒட்டுனாப்ல ரெண்டு இஞ்சுல. தெக்கால இருக்கறது ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல. இத்தனை நாளு நான் கவனிச்சதே இல்ல.

ரேவதி: எனக்கும் தெரியாதே.

சுமதி: கல்லுக்கால் ஒசரம் எவ்வளவு நவீனு? டேப் வெச்சு அளந்து சொல்லு. இப்பவே.

நவீன்: இருட்டுல... இருங்க.

நவீன்: 5 அடி.

சுமதி: கடவுளே. அது அப்பா வெட்டுனது. உச்சிப்பொழுது நெழலு. தை ஒண்ணாந் தேதி நம்மூருல அஞ்சடிக் காலுக்கு நெழலு வடக்கால 3.2 அடி விழும். சித்திரை ஒண்ணாந் தேதி சூரியன் கிட்டத்தட்ட நடு உச்சிக்கு வந்துரும், நெழலு ரெண்டு இஞ்சுதான். ஆடி ஒண்ணாந் தேதி சூரியன் நமக்கு வடக்கால போயிருது, நெழலு தெக்கால திரும்பி பத்து இஞ்சு. மூணு கோடும் அதுதான்.

மணிமேகலை: வாசலுக்கு சிமென்ட் போட்ட வருஷம் மாமா மத்தியானச் சோத்துக்கு வராம அங்கயே நின்னுட்டு இருந்தது எனக்கு ஞாபகம் இருக்குது அம்மணி. வெயில்ல என்னங்க பண்றீங்கன்னு கேட்டதுக்கு, பொழுதைப் பாக்கறேன்னாரு.

செல்வராஜ்: என்கிட்டச் சொன்னதே இல்ல.

ரேவதி: ஆருகிட்டயுமே சொல்லல போல.

சுமதி: பசங்ககிட்ட இப்பச் சொல்ல வேண்டாம். 15ந் தேதி அவங்களே வரட்டும். பன்னெண்டு மணியில இருந்து அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நெழலு நுனியில சாக்பீஸ் புள்ளி வெக்கட்டும். நம்மூருல நெழலு நெம்பக் குறையறது பன்னெண்டு மணிக்கு இல்ல, 12:30 வாக்குல. நம்ம கடியாரம் ஓடறது 82.5 டிகிரி தீர்க்கரேகைக் கணக்குல, நம்ம கோபிசெட்டிபாளையம் 77.4 பக்கத்துல மேக்கால இருக்குது, அதுல இருபது நிமிசம் பிந்தும். சூரியனே தை மாசத்துல இன்னொரு ஒம்பது நிமிசம் பிந்தும். கடைசிப் புள்ளி வெச்சப்பொறவு தூசியைத் தொடைச்சு, கீழ அப்புச்சி கோடு இருக்குதான்னு அவங்களே பாக்கட்டும்.

நவீன்: அத்தை, நான் அது மேல கோலமாவு போட்டு மறைச்சுடறேன்.

நவீன்: [குரல் செய்தி, 0:38]

நவீன்: அப்பத்தா பேசுனது. நெட்டு சரியில்லாம கேக்கலீன்னா: "தொட்டி ஆரு பாகம்னு இப்ப என்றா பேச்சு? அந்தக் கெணறு வெட்டறப்ப பழனி கூடையில மண்ணு சொமந்தான், செல்வராசு அவன் துண்டைப் புடிச்சுட்டே பின்னால நடந்தான். பொடுசுக வாய்க்கால் வெட்டட்டும். தென்னமரத்து வேரை மட்டும் கொத்தாம இருக்கச் சொல்லுங்க. ரேவதி மவனுக்குக் கச்சாயம் புடிக்குமா, பணியாரமா?"

ரேவதி: கச்சாயம்மா.

(இரவு 9:16)

மணிமேகலை: போனைத் திருப்பிக் குடுத்துட்டேன்.

பழனிச்சாமி: களிமண்ணு நாளைக்கே கொண்டாந்து வெச்சர்றேன். 14 சாயங்காலம் ஊறப் போடலாம்

பழனிச்சாமி: ரேவதி, மித்ரன்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிரு. பட்டியன்னைக்கு கன்னுக்குட்டியை விட்டு கொளத்தை மிதிக்க வெப்போம். அழுகப் போறான்

ரேவதி: சொன்னேன்ணா. "நாங்க மிதிச்சுக் கட்டுனதை அது மிதிச்சு ஒடைக்குமா"ன்னு கேட்டுட்டு, எந்தக் கன்னுக்குட்டின்னு போட்டோ கேக்கறான்.

பழனிச்சாமி: [படம்]

கோகிலா: அழகு!

முருகேசன்: [படம்: இனிய இரவு வணக்கம்]

செல்வராஜ்: டியூப் இருபது அடி கம்பெனில கெடக்குது. எடுத்துட்டு வர்றேன்.

சுமதி: 15 காலையிலயா, 14 சாயங்காலமா? மண்ணு மிதிக்கறதுக்கு முன்னாடி எறக்கம் பாக்கோணும்டா.

செல்வராஜ்: பாக்கறேன்க்கா. மோட்டாரு ரூம் சாவி அம்மாகிட்டத்தான் இருக்குது.

மணிமேகலை: அப்ப அரிசி எத்தனை படிங்க? இன்னும் ஒருத்தரும் சொல்லல.